டென்பசார் சுத்திப் பாக்கப் போறீங்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலி போயிட்டு வந்ததுல இருந்து சொந்தக்காரங்க, ஆபீஸ்ல கூட வேலை பாக்குறவங்கன்னு யாராவது ஒருத்தர் கேட்டுட்டே இருக்காங்க. எல்லாரும் உபுத், குட்டா, ஊஞ்சல் போட்டோன்னே கேக்குறாங்க, டென்பசார் பத்தி யாருமே கேக்கல. எனக்கு அந்தத் தீவுல ரொம்பப் பிடிச்ச இடமே அந்த ஊருதான், அதனால வந்த கேள்விகளையும் வரவேண்டிய கேள்விகளையும் சேத்து ஒரே இடத்துல எழுதி வெச்சுட்டேன்.

டென்பசார்னா ஏர்போர்ட் தானே? அங்க பாக்க என்ன இருக்கு?

டிக்கெட்ல டென்பசார்னு போட்டிருக்கறதால எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறாங்க. உண்மையில ஏர்போர்ட் ஊருக்கு வெளிய தெக்கால இருக்கு, டவுன் நடுவுக்குப் போக சுமார் 13 கிலோமீட்டர். இறங்கினவுடனே கார் பிடிச்சு பீச்சுக்கோ உபுத்துக்கோ போயிடறதால ஊரை யாரும் பாக்குறதே இல்ல. டென்பசார்தான் பாலியோட தலைநகரம். 'டென்'னா வடக்கு, 'பசார்'னா சந்தை, சந்தைக்கு வடக்கால இருக்குற ஊருன்னு அர்த்தம். முன்னாடி படுங் ராஜ்ஜியத்தோட அரண்மனை இருந்த ஊரு. டூரிஸ்ட்டுக்குன்னு ஜோடிச்சு வெச்சது இங்க ரொம்பக் கம்மி, அங்க இருக்குறவங்க கும்பிடுற கோயில், அவங்க காய்கறி வாங்குற சந்தை, அவங்க பிள்ளைங்க டான்ஸ் கத்துக்குற இடம்னு எல்லாமே அவங்களுக்காக இருக்குறது, நாம ஓரமா நின்னு பாக்கலாம். பாலி மக்கள் எப்படி வாழுறாங்கன்னு தெரிஞ்சுக்கணும்னா இங்க வந்தே ஆகணும்.

எத்தனை நாள் ஒதுக்கணும்?

ரெண்டு நாள் முழுசா. ஒரு நாள் புபுத்தான் மைதானத்தைச் சுத்தி, அங்கயே மியூசியம், ஜகத்நாதா கோயில், நடந்து போற தூரத்துல பெரிய சந்தை. இன்னொரு நாள் ரெனோன் பகுதியில பஜ்ரா சந்தி நினைவுச் சின்னம், அப்படியே சானூர் கடற்கரை. ஒரே நாள்தான் இருக்குன்னா முதல் நாள் லிஸ்ட்டை மட்டும் எடுத்துக்கோங்க, ரெண்டையும் ஒரே நாள்ல திணிச்சா எதையும் நின்னு பாக்க முடியாது, வெயில் வேற.

புபுத்தான்னு எல்லா இடத்துலயும் பேரு இருக்கே, அப்படின்னா என்ன?

இதைத் தெரிஞ்சுக்காம அந்த ஊருல கால் வைக்காதீங்கன்னே சொல்லுவேன்.

1904 மே மாசம் ஸ்ரீ குமலான்னு ஒரு சின்ன வணிகக் கப்பல் சானூர் கடற்கரைப் பக்கம் பாறைத்திட்டுல மாட்டி உடைஞ்சுபோச்சு. கப்பல்ல இருந்த சரக்கை ஊர்க்காரங்க கொள்ளை அடிச்சுட்டாங்கன்னு சொல்லி டச்சுக்காரன் படுங் ராஜாகிட்ட நஷ்டஈடு கேட்டான். எங்க ஜனங்க எடுக்கல, நான் தரமாட்டேன்னு ராஜா சொல்லிட்டாரு. கப்பல் ஒரு சாக்குதான், தெக்கு பாலியைப் பிடிக்கணும்னு டச்சுக்காரனுக்கு ரொம்ப நாளா கண்ணு. 1906 செப்டம்பர்ல சானூர் கரையில படையை இறக்கிட்டான்.

செப்டம்பர் 20. படை டென்பசார் உள்ள வருது, எதிர்த்துச் சண்டையே பெருசா இல்ல, அரண்மனையில இருந்து புகை மட்டும் கிளம்புது. உள்ள இருந்தவங்களே தீ வெச்சிருந்தாங்க. அப்புறம் ராஜா பல்லக்குல முன்னாடி வர, பின்னாடி ராணிங்க, பிள்ளைங்க, பூசாரி, வேலைக்காரங்க எல்லாரும் வெள்ளை உடுத்தி, நகையெல்லாம் போட்டு, கையில கிரிஸ் கத்தியோட அமைதியா நடந்து வந்தாங்க. வெள்ளைத் துணி அங்க சாவுக்குப் போடுற துணி. துப்பாக்கிக்காரங்களுக்கு நூறு தப்படி தூரத்துல வந்ததும் ராஜா இறங்கி பூசாரிக்கு சைகை காட்ட, பூசாரி அவர் நெஞ்சுல கத்தியை இறக்கிட்டாரு. அதுக்கப்புறம் ஒருத்தரை ஒருத்தர் குத்திக்கிட்டு சாக ஆரம்பிச்சாங்க, டச்சுக்காரனும் சுட்டான். பொம்பளைங்க கழுத்துல கையில கிடந்த தங்கத்தைக் கழட்டி சிப்பாய்ங்க மூஞ்சியில வீசினாங்க, உனக்கு இதுதானே வேணும், எடுத்துக்கோன்னு. அன்னைக்கே சாயங்காலம் பெமெச்சுத்தான் அரண்மனையிலயும் இதே மாதிரி நடந்துச்சு. ஆயிரம் பேருக்கு மேல செத்திருப்பாங்கன்னு சொல்றாங்க. கடைசி ஆள் வரைக்கும், தோல்வியோட உயிர் வாழுறதில்லன்னு போய் நிக்குறதுதான் புபுத்தான்.

அந்த ராஜா பேரு இ குஸ்தி ஙுரா மடே ஆகுங். கவிதையும் எழுதினவரு. 2015ல இந்தோனேசியா அரசு தேசிய வீரர் பட்டம் குடுத்துச்சு. மைதானத்துல ஆம்பள, பொம்பள, குழந்தைங்கன்னு கையில ஆயுதத்தோட முன்னாடி நடக்குற மாதிரி பெரிய சிலை இருக்கு. அந்தப் பொம்பளை சிலையோட கையை நல்லா பாருங்க, ஒரு கையில கிரிஸ், இன்னொரு கையில நகை. அதைப் பாத்துட்டு எனக்கு கொஞ்ச நேரம் பேச்சே வரல. சுத்தி சாயங்காலம் பசங்க பந்து விளையாடிட்டு இருந்தாங்க, பாட்டிங்க பேரப்பிள்ளைக்கு ஊட்டிட்டு இருந்தாங்க.

மைதானத்தோட மூலையில ரோடு நடுவுல நாலு முகம் வெச்ச பெரிய சிலை இருக்கே, அது பிரம்மாவா?

அது சதுர்முகம், அவங்க 'சத்தூர் முகா'ன்னு சொல்லுவாங்க. நாலு திசையும் காக்குற சாமியா நிக்குது, 1973ல வெச்சது, இ குஸ்தி ஞோமான் லெம்பாட்ங்கிற பெரிய கலைஞரோட வடிவமைப்பு. ஊரோட ஜீரோ பாயின்ட் இதுதான். வண்டி அதிகம், நடுவுல ஓடிப்போய் போட்டோ எடுக்காதீங்க, மைதானத்து ஓரத்துல இருந்தே நல்லா வரும்.

பாலி மியூசியம் போகலாமா, போரடிக்குமா?

கண்டிப்பா போங்க. கண்ணாடிப் பெட்டியை எண்ணிட்டு வர்ற மியூசியம் இல்ல இது, கட்டடமே காட்சிப்பொருள். 1917ல பாலியில பெரிய நிலநடுக்கம் வந்து கோயில் அரண்மனை எல்லாம் இடிஞ்சு, அப்புறம் எழுந்து, 1932 டிசம்பர் 8ஆம் தேதி மியூசியம் திறந்தாங்க. பாதி அரண்மனை மாதிரி, பாதி கோயில் மாதிரி, முற்றம் முற்றமா போகும், ஒவ்வொரு மண்டபமும் பாலியோட ஒவ்வொரு பகுதி ஸ்டைல்ல இருக்கும், தபானான், காராங்காசெம், புலெலெங்னு அந்தந்த ஊர் பேரே வெச்சிருக்காங்க. முகமூடி, கிரிஸ், சடங்குச் சாமான், பழைய கல்வெட்டுக் காலத்து பொருள்னு இருக்கு.

நான் ரொம்ப நேரம் நின்னது துணி இருக்குற இடத்துல. கிரிங்சிங்னு ஒரு துணி, தெங்கானான்ங்கிற கிராமத்துல மட்டும் நெய்யுறது. சாதாரணமா பாவு நூலை மட்டும், இல்ல ஊடை நூலை மட்டும் கட்டி சாயம் போடுவாங்க, இதுல ரெண்டு நூலையும் நெய்யுறதுக்கு முன்னாடியே கணக்குப் போட்டு முடிச்சுப் போட்டு சாயம் ஏத்தி, தறியில ரெண்டும் சரியா ஒரே இடத்துல சேந்தாத்தான் பூ வரும். நம்ம ஊர்ல நெசவு பாத்து வளந்தவங்களுக்கு இதோட கஷ்டம் உடனே புரியும். ஒரு துணி முடிய வருஷக்கணக்கா ஆகுமாம். நோய் நொடி அண்டாம காக்கும்னு நம்பி சடங்குக்குக் கட்டுறாங்க.

ஒரே ஒரு விஷயம், உள்ள எழுதி வெச்சிருக்குற விளக்கம் ரொம்பக் கம்மி. முன்னாடியே கொஞ்சம் படிச்சுட்டுப் போங்க. வாசல்ல யாராவது கைடுன்னு வந்தா காசு எவ்வளவுன்னு மொதல்லயே பேசிடுங்க.

பக்கத்துல ஜகத்நாதா கோயில், நாம உள்ள போலாமா? உள்ள சாமியே இல்லன்னு சொல்றாங்களே?

போலாம், முறையா துணி கட்டிட்டு, சாமி கும்பிடுறவங்களுக்கு இடைஞ்சல் பண்ணாம. மியூசியத்தை ஒட்டியே இருக்கு. நம்ம கோயில் மாதிரி கூரை போட்ட கர்ப்பகிரகம், மூலவர் எதிர்பாத்துப் போனா முதல்ல குழப்பமாத்தான் இருக்கும். எல்லாமே வெட்டவெளி. நடுவுல வெள்ளைப் பவளக்கல்லுல உயரமா ஒரு சிம்மாசனம், அதுக்கு பத்மாசனான்னு பேரு. அடியில பெடவாங் நாலான்னு ஒரு பெரிய ஆமை, அதைச் சுத்தி ரெண்டு நாகம், மேல போகப் போக அடுக்கு, உச்சியில நாற்காலி. நாற்காலி காலி. சாங் ஹ்யாங் விதின்னு அவங்க சொல்லுற பரம்பொருளுக்கு உருவம் இல்ல, பூஜை நேரத்துல வந்து உக்காருவாருன்னு நம்பிக்கை, அதனால இருக்கையை மட்டும் கட்டி வெச்சிருக்காங்க. ஆமை, பாம்பு, மேல உலகம்னு பாத்தா நம்ம கதைங்க எல்லாம் ஞாபகம் வரும். அதுல ஒரு நாகத்துக்கு பேரே பாசுகி, நம்ம வாசுகி தான்.

பௌர்ணமி அமாவாசை அன்னைக்குப் போங்க, அவங்க பூர்ணமா, திலெம்னு சொல்றாங்க. சாயங்காலம் ஆபீஸ் விட்டு வர்றவங்க, காலேஜ் பசங்க எல்லாம் வெள்ளைச் சட்டையில தரையில வரிசையா உக்காந்துடுவாங்க. விரல் நுனியில பூவைப் பிடிச்சுக்கிட்டு நெத்திக்கு மேல கை கூப்புவாங்க, முதல் தடவையும் கடைசித் தடவையும் வெறுங்கை, நடுவுல பூவோட, அப்புறம் தீர்த்தம் தெளிச்சு, மூணு தடவை குடிச்சு, நனைஞ்ச அரிசியை நெத்தியில ஒட்டிப்பாங்க. தீர்த்தத்துக்கு அவங்க வார்த்தையும் 'தீர்த்தா' தான். தினமும் மூணு வேளை சொல்லுற த்ரிசந்த்யா மந்திரம் ஸ்பீக்கர்ல கேட்டுச்சுன்னா காது குடுத்துக் கேளுங்க, ராகம் புதுசா இருக்கும், முதல் வரி காயத்ரி மந்திரம். எங்கம்மாவுக்கு போன்ல போட்டுக் காட்டினேன், கூடவே சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க.

கோயிலுக்கு என்ன டிரஸ் போடணும்? நம்ம வேட்டி, சேலை சரியா வருமா?

இடுப்புக்குக் கீழ கால் மறையுற மாதிரி 'காமென்'ங்கிற துணி, அது மேல இடுப்புல 'செலெண்டாங்'னு ஒரு பட்டை, ரெண்டும் கட்டாயம். ஆம்பளைக்கும் பொம்பளைக்கும் ஒண்ணுதான். வேட்டி சேலை கட்டிட்டுப் போனா சந்தோஷமா பாப்பாங்க, ஆனா இடுப்புப் பட்டை மட்டும் மறக்காதீங்க, அது இல்லாம டிரஸ் முழுமை ஆகாதுன்னு அவங்க கணக்கு. பெரிய கோயில் வாசல்ல வாடகைக்கோ சும்மாவோ குடுப்பாங்க. பாசார் படுங்ங்கிற பெரிய சந்தை பக்கம் ஒரு செட் வாங்கிட்டா ட்ரிப் முழுக்க ஆகும், ஊருக்கு வந்தும் வெச்சுக்கலாம்.

மாசவிலக்கு நேரத்துல பெண்கள் உள்ள வரக்கூடாதுன்னு போர்டு இருக்கும், வீட்டுல சாவு நடந்தவங்களும் வரக்கூடாது. நமக்கு ஒப்புதலோ இல்லையோ, விருந்தாளியா போற இடத்துல அவங்க வழக்கத்தை மதிக்கணும். பூசாரி உக்காந்திருக்குற இடத்தை விட உயரமா ஏறி நின்னு போட்டோ எடுக்காதீங்க, கும்பிடுறவங்களுக்கு முன்னாடி குறுக்க நடக்காதீங்க.

ரோட்டுல, கடை வாசல்ல, பைக் மேல எல்லாம் பூ வெச்ச குட்டித் தட்டு இருக்கே, அது என்ன?

சானாங் சாரி. தினமும் வெக்குற படையல். இளந்தென்னை ஓலையைக் கிழிச்சு மடிச்சு சின்ன பெட்டி மாதிரி செஞ்சு, அதுல நாலு திசைக்கு நாலு நிறப் பூ, கிழக்குல வெள்ளை, தெக்குல சிவப்பு, மேக்குல மஞ்சள், வடக்குல நீலமோ பச்சையோ. மேல ஊதுபத்தி. சிலதுல மிட்டாய், பிஸ்கட், சிகரெட் கூட இருக்கும்.

பூவை மட்டும் பாத்துட்டு வந்துடாதீங்க, அதுக்கு அடியில 'போரோசான்'னு ஒரு சின்ன மடிப்பு இருக்கு. பாசார் படுங்ல ஒரு அக்கா தரையில உக்காந்து இதைக் கட்டிட்டு இருந்தாங்க, நான் பாத்துட்டே நின்னதும் ஒண்ணைப் பிரிச்சே காட்டினாங்க. உள்ள வெத்தலை, பாக்கு, சுண்ணாம்பு! பாக்கோட சிவப்பு பிரம்மா, வெத்தலைப் பச்சை விஷ்ணு, சுண்ணாம்பு வெள்ளை சிவன், இது இல்லாம படையல் படையலே இல்லையாம். நம்ம வீட்டு விசேஷத்துல தட்டுல வெக்குற அதே மூணு சாமான், இத்தனை தூரம் தள்ளி ஒருத்தங்க மும்மூர்த்தியா மடிச்சு வெக்குறாங்க. அந்த அக்காவோட விரல் ஓலையைப் பாக்காமலே ஓடிட்டு இருந்துச்சு, வாயில ஊர்க்கதை, கை பாட்டுக்கு மடிப்பு, ஊசிக்கு பதில் மூங்கில் சிம்பு.

நடக்கும்போது மிதிக்காம நடங்க. பத்தி அணைஞ்சு போயிருந்தா படையல் முடிஞ்சதுன்னு அர்த்தம், தெரியாம கால் பட்டா தப்பா எடுத்துக்க மாட்டாங்க, புகைஞ்சுட்டு இருக்குறதைத் தாண்டக்கூட வேணாம், சுத்திப் போங்க.

பாசார் படுங்ல என்ன பாக்கலாம், என்ன வாங்கலாம்?

டென்பசாரோட பெரிய சந்தை இது. 2016ல பெரிய தீவிபத்துல எரிஞ்சுபோச்சு, புதுக் கட்டடம் 2019ல திறந்தாங்க, அதனால பழைய புழுதிச் சந்தை எதிர்பாக்காதீங்க, எஸ்கலேட்டர் எல்லாம் இருக்கு. விடியற்காலையில போகணும், பூ மூட்டை மூட்டையா வந்து இறங்குறது அப்பதான். சாமந்தி, பச்சோலை, வாழைப்பழம், மசாலா, படையல் சாமான்னு பூரா கண்ணுக்கு விருந்து. கூடையைத் தலையில வெச்சு சரக்குத் தூக்க வர்ற பொம்பளைங்களைப் பாப்பீங்க, பாதி பேரு வயசானவங்க, மூட்டை மட்டும் அம்புட்டு கனம். உதவி கேட்டீங்கன்னா கூலி பேரம் பேசாம குடுங்க.

பக்கத்துல ஆறு ஓடுது, துக்காட் படுங், அதுக்கு அந்தப் பக்கம் கும்பாசாரி மார்க்கெட், அங்க கைவினைச் சாமான், ஓவியம், மரச் சிற்பம். பக்கத்துல ஜாலான் சுலவேசி முழுக்க துணிக்கடை, எண்டெக்னு நூலைக் கட்டி சாயம் போட்டு நெய்யுற உள்ளூர் இக்கத் துணி, கெபாயாங்கிற பொம்பளைங்க மேல்சட்டைக்கு லேஸ், கோயிலுக்கு மஞ்சள் வெள்ளைத் துணின்னு ஒரு தெரு முழுக்க. கருப்பு வெள்ளைக் கட்டம் போட்ட துணியும் மீட்டர் கணக்குல விக்கும், அதுதான் சிலைக்கும் ஆலமரத்துக்கும் சுத்தி விட்டிருப்பாங்களே, போலெங். நல்லதும் கெட்டதும் சேந்துதான் உலகம்னு அதுக்கு அர்த்தம். ஜாலான் காஜா மாடாவுல பழைய சீனக் கடைங்க, காபிக்கொட்டை வறுக்குற வாசனை வரும். விலை பேசலாம், பாதியில ஆரம்பிங்க, சிரிச்சுட்டே பேசுங்க.

கூட்டம் இல்லாத பழைய கோயில் ஏதாவது இருக்கா?

புரா மாஓஸ்பஹித். பேருலயே மஜாபாஹித் இருக்கு, ஜாவாவுல இருந்த பெரிய இந்து ராஜ்ஜியம், 14ஆம் நூற்றாண்டுல பாலியை ஜெயிச்சது. மத்த கோயில் கருங்கல்லு, பாறைன்னு இருக்க, இது முழுக்க சிவப்புச் செங்கல். சாந்து பூசுன தடம் கூட கண்ணுல படாது. 1917 நிலநடுக்கத்துல அடி வாங்கி திரும்ப எடுத்துக் கட்டினது. கருடன் உருவம் செங்கல் சுவத்துல இருக்கு, பாக்காம வராதீங்க. சில நேரம் கதவு பூட்டியிருக்கும், பக்கத்து வீட்டுல கேட்டா ஆளைக் கூப்பிட்டு விடுவாங்க, உண்டியல்ல ஏதாவது போட்டுட்டு வாங்க.

பஜ்ரா சந்தி எதுக்குப் போகணும்?

ரெனோன்ல, அரசு ஆபீஸ் எல்லாம் இருக்குற அகலமான ஏரியாவுல பெரிய புல்வெளி நடுவுல நிக்குற நினைவுச் சின்னம். பூசாரி கையில ஆட்டுற மணி வடிவம், பஜ்ராங்கிறதே அந்த மணிதான். 17 படி, 8 தூண், 45 மீட்டர் உயரம், அதாவது 17-8-45, இந்தோனேசியா சுதந்திரம் அறிவிச்ச தேதி. உள்ள 33 காட்சிப் பெட்டியில பாலியோட வரலாறை பொம்மை வெச்சுக் காட்டுறாங்க, ஆதி மனுஷன்ல ஆரம்பிச்சு புபுத்தான் வழியா சுதந்திரம் வரைக்கும். வேலை 1987ல ஆரம்பிச்சு 2003ல மேகவதி அதிபரா இருந்தப்ப திறந்தாங்க.

இந்தக் கட்டடத்தோட கருவே பாற்கடல் கடைஞ்ச கதை. அடியில ஆமை, கயிறா பாசுகி, மந்தர மலை, உச்சியில அமிர்த கலசம். விடுதலைக்குப் போராடினதை அமிர்தத்துக்காகக் கடைஞ்சதா பாக்குறாங்க. உள்ள சுழல் படி ஏறி மேல போனா ஊரு பூரா தெரியும். பாலியில தென்னை மரத்தை விட உயரமா கட்டடம் கட்டக்கூடாதுன்னு வெச்சிருக்குறதால பச்சையும் ஓட்டுக்கூரையும்தான் கண்ணுக்குத் தெரியுது. சாயங்காலம் சுத்தி ஊரே வாக்கிங், ஜாகிங்.

டான்ஸ் பாக்கணும்னா உபுத் தான் போகணுமா?

தினமும் டிக்கெட் போட்டு ஆடுற ஷோ வேணும்னா உபுத் சுலபம். ஆனா ஜூன் மத்தியில இருந்து ஜூலை மத்தி வரைக்கும் நீங்க போற தேதி வந்துச்சுன்னா டென்பசாரை விடாதீங்க. தாமான் புதாயாங்கிற கலை மையத்துல பாலி கலை விழா நடக்கும், 1979ல இருந்து நடக்குது. ஆரம்பிச்சு வெச்சவரு அப்ப கவர்னரா இருந்த இதா பாகுஸ் மந்த்ரா, நம்ம சாந்திநிகேதன்ல படிச்சவரு. ஒரு மாசம் முழுக்க ஒவ்வொரு மாவட்டமும் அதோட குழுவை அனுப்பும், எந்தக் கிராமத்துலயோ அழிஞ்சுட்டு இருக்குற ஆட்டத்தைத் தேடி எடுத்து மேடை ஏத்துவாங்க, கமெலான்ங்கிற வெண்கல வாத்தியப் போட்டியில ரெண்டு குழு எதிரெதிரா உக்காந்து வாசிக்க, கூட்டம் நம்ம ஊர் கிரிக்கெட் மாதிரி கத்தும். பாக்குறவங்க பெரும்பாலும் உள்ளூர்க் குடும்பங்கதான், பாட்டி, கைக்குழந்தை, சோளம் விக்குறவங்கன்னு. அர்த சந்திராங்கிற திறந்தவெளி மேடை பெருசு, சீக்கிரம் போனாத்தான் நல்ல இடம்.

விழா இல்லாத மாசத்துலயும் பகல்ல எட்டிப் பாருங்க, பக்கத்துலயே கலைக் கல்லூரி இருக்குறதால ஏதாவது ஒரு மண்டபத்துல ஒத்திகை ஓடலாம். அஞ்சு வயசுப் பிள்ளைங்க வரிசையா நின்னு கண்ணை இடமும் வலமும் வெட்டிப் பழகுறதை ஒரு தடவை பாத்தீங்கன்னா ஹோட்டல்ல டின்னரோட போடுற டான்ஸ் ஷோ பக்கமே போகமாட்டீங்க. அவங்க ஆட்டத்தையே மூணா பிரிச்சு வெச்சிருக்காங்க, கோயில் உள்ள சாமிக்கு ஆடுறது, சடங்கோட ஆடுறது, மனுஷங்க ரசிக்க ஆடுறது. 2015ல யுனெஸ்கோ இந்த மூணு வகையையும் அங்கீகரிச்சுச்சு.

சானூர் பீச் தானே, அதுல கல்ச்சர் என்ன இருக்கு?

பிளான்ஜோங் கல்தூண் இருக்கு! சானூர் டென்பசாருக்குள்ளயே வர்றதுதான். ஒரு சின்ன தெருவுல, சின்ன கோயிலுக்குள்ள, கண்ணாடி அடைப்புல ஆளுயரத்துக்கு ஒரு தூண், தலைப்பகுதி தாமரை மாதிரி. ஸ்ரீ கேசரி வர்மதேவங்கிற ராஜா தன்னோட வெற்றியைச் சொல்லி வெட்டினது, சக வருஷம் 835, அதாவது கி.பி. 914 வாக்குல. பாலியில தேதி போட்டுக் கிடைச்ச ராஜ கல்வெட்டுல ரொம்பப் பழசு இது. சமஸ்கிருதம், பழைய பாலி மொழின்னு ரெண்டு மொழி, நாகரி, காவின்னு ரெண்டு எழுத்து.

அந்தக் காவி எழுத்து எங்க இருந்து வந்துச்சுன்னு பாத்தா பல்லவ எழுத்துல இருந்து. மாமல்லபுரம், காஞ்சிபுரத்துல கல்லுல பாக்குறோமே, அந்தக் குடும்பம். கடல் தாண்டிப் போய் ஜாவாவுல காவியா மாறி, அதுல இருந்து இன்னைக்கு டென்பசார் தெருப் பலகையில இந்தோனேசிய பேருக்கு மேல வளைவு வளைவா எழுதியிருக்குற பாலி எழுத்து வரைக்கும் வந்திருக்கு. படிக்க முடியாது, ஆனா வளைவு பழக்கப்பட்டதா தோணும், அதுக்குக் காரணம் இதுதான். தமிழன்தான் பாலியை உருவாக்கினான்னு வாட்ஸ்அப்ல வர்றதை நம்பாதீங்க, எழுத்து போனது நிஜம், மத்ததை அவங்களே வளத்துக்கிட்டாங்க, அதுக்கான பெருமை அவங்களுது.

கடற்கரையை ஒட்டி லே மாயர் மியூசியமும் இருக்கு, 1932ல பாலி வந்த பெல்ஜியம் ஓவியர், லெகோங் ஆடுற நி போல்லோக்கைக் கல்யாணம் பண்ணி வாழ்ந்த வீடு. ஓவியத்துல ஆர்வம் இருந்தா போங்க, போறதுக்கு முன்னாடி திறந்திருக்கான்னு மேப்ல பாத்துக்கோங்க.

எந்த நேரத்துல போனா திருவிழா பாக்கலாம்?

மார்ச்ல பெரும்பாலும் வர்றது ஞெப்பி, சக வருஷப் பிறப்பு. முந்தின நாள் ராத்திரி ஓகோ-ஓகோன்னு பூத பொம்மைங்க, ஒரு மாடி உயரத்துக்கு மேல, இளைஞருங்க தோள்ல தூக்கிட்டு ஆடிட்டு வருவாங்க, சத்தூர் முகா சந்திப்புல கூட்டம் அள்ளும். மறுநாள் ஊரே நிசப்தம். விளக்கு இல்ல, வேலை இல்ல, வெளிய போறது இல்ல, ஏர்போர்ட்டே 24 மணி நேரம் மூடிடுவாங்க, டூரிஸ்ட்டும் ஹோட்டலை விட்டு வெளிய வரக்கூடாது. அன்னைக்கு ராத்திரி வானத்துல நட்சத்திரம் பாக்குறதுக்கே போகலாம். அதுக்கும் மறுநாள் செசெட்டான் பகுதியில ஓமெட்-ஓமெடான், கல்யாணம் ஆகாத பசங்களும் பொண்ணுங்களும் ரெண்டு அணியா நின்னு ஒருத்தரை ஒருத்தர் இழுத்துக் கட்டிப்பிடிக்க, மேல தண்ணி ஊத்துவாங்க. அது அந்த ஊர்க்காரங்களோட சடங்கு, கிண்டலா பாக்காதீங்க.

210 நாளுக்கு ஒரு தடவை கலுங்கான், முன்னோருங்க வீட்டுக்கு வர்ற நாள். வீட்டுக்கு வீடு வளைஞ்ச மூங்கில் கழியில ஓலைத் தோரணம், பெஞ்சோர். பத்து நாள் கழிச்சு குனிங்கான். அதுக்கு எட்டு நாள் கழிச்சு வர்ற ஞாயித்துக்கிழமை கெசிமான் பகுதியில ஙெரெபோங்னு ஒரு சடங்கு, சாமி வந்து கிரிஸ் கத்தியை நெஞ்சுல வெச்சு அழுத்துவாங்க, தோல்ல ஏறாது. நம்ம ஊர்ல சாமியாடுறதைச் சின்ன வயசுல இருந்து பாத்தவங்களுக்கு அந்த அலறல் சத்தமே அடிவயித்துல ஏதோ பண்ணும். ஃபிளாஷ் போடாதீங்க, வழி விட்டு நில்லுங்க, சொன்ன இடத்துல மட்டும் நில்லுங்க.

எதுவுமே சேரலன்னா வியாழக்கிழமையாச்சும் ஊருக்குள்ள போங்க. அன்னைக்கு ஆபீஸ், பேங்க், ஸ்கூல் எல்லாத்துலயும் பாரம்பரிய டிரஸ், தலையில உடெங் கட்டின கேஷியர் காசு எண்ணிட்டு இருப்பாரு.

சைவம் சாப்பிடுறவங்க என்ன பண்றது?

கஷ்டம்னு பயப்படாதீங்க, ஆனா கவனம் வேணும். இந்துக்கள்னாலும் அவங்க பன்னி, கோழி, மீன் எல்லாம் சாப்பிடுவாங்க, சட்னி மாதிரி வர்ற சம்பல்ல கூட இறால் விழுது இருக்கும், அதுக்கு 'தெராசி'ன்னு பேரு. அதனால 'தன்பா டாகிங், தன்பா இகான், தன்பா தெராசி' அப்படின்னு மூணையும் சொல்லுங்க, கறி மீன் இறால் விழுது இல்லாமன்னு அர்த்தம். டெம்பே (புளிக்க வெச்ச சோயா), டோஃபு, கீரை எங்கயும் கிடைக்கும். சந்தையில காலையில இனிப்புக் கடை தேடுங்க. லக்லக்னு ஒண்ணு, அரிசி மாவை மண் அச்சுல ஊத்தி சுட்டு, தேங்காய்த்துருவலும் கருப்பட்டிப் பாகும் மேல விட்டுத் தருவாங்க, பணியாரச் சட்டியைப் பாத்த மாதிரியே இருக்கும். கிளெபோன் உள்ள வெல்லம் வெச்ச கொழுக்கட்டை, ஒரே வாயா போட்டுக்கோங்க, கடிச்சா பாகு சட்டையில தெறிக்கும்.

அசைவம்னா நாசி ஜிங்கோ, வாழையிலையில ஒரு பிடி சோறு, கோழி, சம்பல், ராத்திரி தெருவோரம் விப்பாங்க, ரெண்டு வாங்கினாத்தான் பசி அடங்கும்.

எப்படிப் போறது, செலவுக்கு என்ன ஞாபகம் வெச்சுக்கணும்?

இந்தியா பாஸ்போர்ட்டுக்கு விசா அங்க இறங்கியும் வாங்கலாம், 30 நாளுக்கு 5 லட்சம் ரூபியா. அது இல்லாம 2024 பிப்ரவரி 14ல இருந்து வெளிநாட்டுக்காரங்களுக்கு பாலி அரசு 1,50,000 ரூபியா தனியா வாங்குது, லவ் பாலி ஆப்லயே முன்னாடி கட்டிட்டு க்யூஆர் வெச்சுக்கோங்க. கிளம்புற வாரம் ஒருக்கா ரேட் செக் பண்ணிடுங்க. நேரம் நம்மளை விட ரெண்டரை மணி நேரம் முன்னாடி. ஊருக்குள்ள கிராப், கோஜெக் ரெண்டு டாக்சி ஆப்பும் ஓடும், தூரம் கம்மிதான், டிராஃபிக்தான் அதிகம். வயசானவங்களைக் கூட்டிட்டுப் போனா காலை எட்டுல இருந்து பதினொண்ணு, அப்புறம் நாலு மணிக்கு மேலன்னு பிரிச்சுக்கோங்க.

அவங்க மொழியில ரெண்டு வார்த்தை சொல்லிக் குடுங்க?

பாத்ததும் கை கூப்பி 'ஓம் சுவஸ்தியஸ்து'. நன்றிக்கு 'சுக்ஸ்மா', பதிலுக்கு அவங்க 'சுக்ஸ்மா மெவாலி'ம்பாங்க. பேரு கேட்டா வாயான், மடே, ஞோமான், கெத்துட்னு திரும்பத் திரும்ப வரும், அது பிறந்த வரிசை, முதல், ரெண்டாவது, மூணாவது, நாலாவது, அஞ்சாவது பிறந்தா திரும்ப வாயான். உங்க வீட்டுல நீங்க எத்தனாவதுன்னு சொல்லிப் பாருங்க, உடனே உங்களுக்கும் ஒரு பேரு வெச்சுடுவாங்க.

ஏர்போர்ட்டுக்குக் கிளம்ப மூணு மணி நேரம்தான் இருக்கு, ஒரே ஒரு இடம்னா?

புபுத்தான் மைதானம், சாயங்காலம் அஞ்சு மணிக்கு. பையை மடியில வெச்சுக்கிட்டு புல்லுல உக்காருங்க, சிலை உங்களுக்கு முன்னாடி இருக்கட்டும். காத்து அடிச்சா பசங்க பட்டம் விடுவாங்க. ஆறு மணிக்கு ஜகத்நாதா பக்கம் இருந்து மந்திரம் கேக்கும், அது முடிஞ்சதும் கிளம்புங்க, அந்த நேரம் தெக்கால போற ரோடு ஜாம் ஆகும், ஏர்போர்ட்டுக்கு ஒரு மணி நேரம் கையில வெச்சுக்கோங்க.